வெர்னாவுக்குக் கொடுத்த மாதம்

வெர்னா மஸ்வாகன் எங்கள் பள்ளி நூலகத்தில் பதினோரு வருடம் உதவியாளராக இருந்தாள். கனடாவில், வின்னிபெக் நகரின் வடபகுதி. பிள்ளைகளில் பாதிப் பேர் அவளைப் போல க்ரீ பூர்வகுடி மக்கள். மீதி, எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். நாள் முழுக்கப் புத்தகங்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் கிழிந்ததைச் சேர்ப்பதும்தான் அவள் வேலை. வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் அவளுடையது, பிள்ளைகளுக்குக் கதை சொல்ல.

தரையில் பனி தங்கியதும் கதை தொடங்கும். பனி உருகி மண் தெரிந்ததும் நின்றுவிடும். அவர்கள் வழக்கம் அது. கதையில் வரும் ஏமாற்றுக்காரனின் பெயரைக்கூடக் கோடையில் சொல்லமாட்டாள். "மூத்தண்ணன்" என்பாள், அவ்வளவுதான். "வெயில்ல சொன்னா தவளை வந்து படுக்கையில ஏறும்டா" என்று பிள்ளைகளைச் சிரிக்கவைப்பாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் அம்மாவை அரசு கட்டாயமாகச் சேர்த்த விடுதிப் பள்ளியில் க்ரீ பேசிய பிள்ளைகளின் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினார்களாம். ஒரே ஒரு முறைதான் அதைச் சொன்னாள், சீட்டு ஒட்டிக்கொண்டே.

புதிய தலைமையாசிரியை கிர்ஸ்டன் ட்யூக் நல்ல மனுஷி. எல்லாருடைய பண்பாட்டுக்கும் பள்ளியில் இடம் வேண்டும் என்று ஒரு நாள்காட்டி போட்டாள். மாதத்துக்கு ஒரு கட்டம். தமிழர்களுக்கு ஜனவரி. பூர்வகுடிகளுக்கு ஜூன்: 'வெர்னா, பழங்கதைகள், பத்து நிமிடம்.' தட்டச்சு செய்தவள் நான்தான். அலுவலகத்தில் தற்காலிக வேலை எனக்கு.

வெர்னா தாளைப் பார்த்தாள். "ஏய் ஆபீஸ் ராணி, உன் ஜனவரிய எனக்குக் குடேன். நீ ஜூன எடுத்துக்க."

"பொங்கல ஜூன்ல வைக்கச் சொல்றியா?"

"நீ மட்டும் என்னை ஜூன்ல கதை சொல்லச் சொல்றியே."

சிரித்து மழுப்பினேன். கிர்ஸ்டனிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை நிரந்தரமாகும் நேரத்தில் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

ஜூன் விழாவுக்குக் கல்வி வாரியத்திலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. அவர்கள் பார்த்துவிட்டுச் சரி என்றால்தான் அடுத்த வருடம் வெள்ளிக்கிழமைக் கதை நேரம் தொடரும். முதல்நாள் நான் கெஞ்சினேன்.

"சின்னதா ஒண்ணு சொல்லிடு வெர்னா. யாருக்குத் தெரியப் போகுது?"

"மூத்தண்ணனுக்குத் தெரியும்."

மறுநாள் உடற்பயிற்சிக்கூடத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தாள். "பசங்களா, வெளியில பனி இருக்கா?"

"இல்ல!" என்று கூரை அதிர்ந்தது.

"அப்பக் கதையும் இல்ல. குளிர்காலத்துல வாங்க." வாரியத்துக்காரர்களைப் பார்த்து, "நீங்களும்தான். நல்ல பூட்ஸா போட்டுட்டு வாங்க" என்றாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்தவர்கள் மரியாதைக்குக் கைதட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்கள். நிகழ்ச்சியை மதிப்பிட முடியவில்லை என்று ஆகஸ்டில் கடிதம் வந்தது. கதை நேரம் போயிற்று. நூலக வேலையும் குறைந்து, செப்டம்பரிலிருந்து வெர்னா மதியச் சாப்பாட்டுக்கூடத்தில் மேற்பார்வைக்கு நின்றாள். எனக்கு வேலை நிரந்தரமானது.

நவம்பரில் முதல் பனி தங்கிய வெள்ளிக்கிழமை, ஏழெட்டுப் பிள்ளைகள் நூலகக் கம்பளத்தில் தாமாகவே போய் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வகுப்புக்கு அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

ஜனவரியில் எங்கள் பொங்கல். தீ கூடாதென்பதால் மின்னடுப்பில் பால் பொங்கியது. வெளியே முழங்கால் வரை பனி. பட்டுச்சேலையில் ஒலிவாங்கி முன்னால் நின்று நான் அறுவடை பற்றித் தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் வெர்னா, மடியில் சர்க்கரைப் பொங்கல் கிண்ணம். பக்கத்தில் இருந்த ரேலின் என்ற ஆறு வயதுச் சிறுமி சன்னலைக் காட்டி உரக்கவே கேட்டாள்.

"மிஸ், அதான் பனி இருக்கே. இப்பச் சொல்லலாம்ல?"

"இது அவங்க மாசம்டி" என்றாள் வெர்னா. "பேசாம சாப்பிடு."

நான் அடுத்த வரியைப் படித்தேன்.