மாஸ்டரின் குமிழ்

காய்ந்த சருகை யாரோ மிதித்ததுபோல ஒரு கரகரப்பு முதலில் எழும். அதற்குப் பின்னால்தான் இசை வரும். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பழைய சிந்தசைசரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். தாய்நாடு திரும்பிய வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் கோயிலுக்கு விட்டுச் சென்ற, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மின்னிசைக் கருவி அது. மரப் பக்கங்கள், கறுப்புப் பலகை, அதன்மேல் வரிசையாகக் குமிழ்கள். ஒன்று ஒலியைக் கூட்டும், குறைக்கும். இன்னொன்று அதன் கூர்மையைத் திறக்கும், மூடும். எங்கள் பேட்டையான என்.ஆர். மொஹல்லா முழுவதிலும் இப்படி ஒன்று கிடையாது என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்வார். பாடகர் குழுவை நடத்தியவரை நாங்கள் எல்லாரும் மாஸ்டர் என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். மரியாதையால் அல்ல, பழக்கத்தால்.

நான் அப்போது பி.ஏ. முதலாண்டு. சாதாரண ஞாயிறுகளில் நான் வாசிப்பேன். பண்டிகை நாட்களில் மாஸ்டர் வாசிப்பார். ஒத்திகைகள் ஆர்மோனியத்தோடு முடிந்துவிடும். சிந்தசைசர் ஆராதனைக்கு மட்டும் வெல்வெட் துணியிலிருந்து வெளியே வரும். மாஸ்டரிடம் ஒரு வழக்கம் இருந்தது. விரல் தவறி ஒரு சுரம் பிசகினால், அந்த நொடியே வலது கை கூர்மைக் குமிழுக்குப் போகும். அதைச் சரேலென்று திருப்புவார். கரகரப்பு பிசகை விழுங்கிவிடும். பிறகு கருவியைப் பார்த்து வருத்தத்தோடு தலையசைப்பார். முன்வரிசையில் இருப்பவர்கள், பாவம், இந்த மிஷினை வைத்துக்கொண்டு மனிதர் என்னதான் செய்வார் என்று உச்சுக்கொட்டுவார்கள். பின்னால் பெண்களின் தாழ்குரலான ஆல்ட்டோ வரிசையில் நின்ற எனக்கு அவருடைய விரல்கள் தெரியும். தெரிந்ததை நான் எவரிடமும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இந்தச் சத்தம் நாளுக்கு நாள் ஏன் அதிகமாகிறது என்று, நாங்கள் ஐயர் என்று அழைக்கும் போதகர் கேட்டார். குழு முழுவதும் அங்கே நின்றது. மாஸ்டர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"ஐயரே, இந்தப் பொண்ணுக்குக் கை வேர்க்கும். அந்த உப்புத் தண்ணியெல்லாம் உள்ள இறங்கிருச்சு. கொஞ்ச நாள் இவ தொடாம இருந்தா மிஷினு தானா நல்லாயிரும்."

என் கைகள் வேர்க்கும் என்பது உண்மை. பரீட்சைத் தாளில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கை வைத்து எழுதுகிறவள் நான். அதனாலேயே அந்தச் சொல் சரியாகக் குறிவைத்து எறிந்த கல்லாக இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து என் முக்காலியில் மாஸ்டரே உட்கார்ந்தார். ஆல்ட்டோ பெண்கள் எனக்கு "உப்பு" என்று பெயர் வைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தைக் கொடுக்கும்போது, "ஏய் உப்பு, நனைக்காம வெச்சுக்கோடி" என்பார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், தோல் எரியும்வரை.

சிந்தசைசரைத் திறந்து பார்க்கப் போதகரிடம் தனியாக அனுமதி கேட்டேன். கெட்டதுதானே, இதற்குமேல் என்ன கெடப்போகிறது என்று கருவி இருந்த வேதாகம அறையின் சாவியைக் கொடுத்தார். டி.வி. பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்த என் மாமா மின்பாகங்களைச் சுத்தம் செய்யும் மருந்து ஸ்ப்ரே ஒரு டப்பா தந்து, கன்னடம் கலந்த தன் தமிழில் ஒன்றை மட்டும் எச்சரித்தார்: "எண்ணெய் விடாதே. கரகரன்னா நம்ம ஜனங்க உடனே தேங்காய் எண்ணெய் விட்ருவாங்க, ஆமேலே, அப்புறமா, தூசியெல்லாம் அதுல ஒட்டிக்கும். ஸ்ப்ரே அடி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பு. அஷ்டே, அவ்வளவுதான்."

அறுப்புப் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை. வெளியே பெண்கள் பூசணிகளையும் கரும்புகளையும் பீடத்தருகே அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பலகையைக் கழற்றினேன். ஒவ்வொரு குமிழின் அடியிலும் ஒரு தகரக் கூடு. கூட்டின் சிறு இடுக்கு வழியே மருந்தைச் செலுத்திக் கோடிக்குக் கோடி திருப்பினேன். அழுக்கு கறுப்பாகக் கசிந்தது. மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகியிருந்தன, கூர்மைக் குமிழைத் தவிர. மீண்டும் மின்சாரத்தைத் துண்டித்து அதன் கூட்டை நெம்பித் திறந்தேன். உள்ளே வளைந்த கரித்தடம், அதன்மேல் ஊர்ந்து செல்லும் மெல்லிய உலோக நாக்கு. தடம் முழுவதும் வழவழப்பாக இருந்தது. ஒரே ஓரிடத்தில் மட்டும் சுரண்டி எடுத்ததுபோல் தேய்ந்திருந்தது. மாஸ்டர் தன் பிசகுகளைப் புதைத்த இடம். நான் வாசிக்கும்போது அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. எந்த வேர்வையும் ஒரே இடத்தைத் தேடிப் போய் அரிக்காது. நாக்கை ஊசி முனையால் இம்மியளவு வளைத்து, தேயாத தடத்தில் பதித்தேன். கூட்டை மூடி, பலகையைப் பூட்டி, மின்சாரம் கொடுத்து, ஒரு கட்டையை அழுத்தியபடி குமிழைத் திருப்பிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் அது சத்தமில்லாமல் திரும்பியது. போதகரிடம் சாவியைக் கொடுத்தேன். மாஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காணிக்கைப் பாட்டு. கோயில் நிரம்பி வழிந்தது. இரண்டாம் சரணத்தில், நான் எதிர்பார்த்திருந்த அதே திருப்பத்தில், மாஸ்டரின் விரல் பிசகியது. கை குமிழுக்குப் பறந்தது, சரேலென்று திருப்பினார். கரகரப்பு வரவில்லை. மூடியிருந்த ஒலி முழுவதும் திறந்துகொண்டு, பிசகிய சுரம் எக்காளம்போல் கோயிலெங்கும் எழுந்தது. பாடியவர்கள் நின்றுவிட்டார்கள். பதறி மறுபக்கம் திருப்பினார். அடுத்த சுரமும் தவறியது, அதுவும் தெளிவாகக் கேட்டது. அவர் வழக்கம்போல் கருவியைப் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். அன்று எவரும் உச்சுக்கொட்டவில்லை. மகிழ்ச்சி என்பது உடலில் எந்த இடத்தில் ஊறும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆராதனைக்குப் பின், காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில், பூசணியைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா, "என்ன மாஸ்டர், இன்னைக்கு மிஷினு கரகரங்கவே இல்ல, நீங்கதான் எப்படியோ இருந்தீங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் என்னைத் தேடி வேப்பமரத்தடிக்கு வந்தார்.

"நீதான் தொட்டியா?"

"ஆமா மாஸ்டர். சுத்தம் பண்ணினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நல்லா வாசிச்சிருப்பீங்களா மாஸ்டர்?"

அவர் ஏலக் கூட்டத்தின் பக்கம் திரும்பி நடந்தார். தேய்ந்த தடத்தைப் பற்றி நான் சொல்லவில்லை; அது எனக்குள் இருப்பதே கூடுதல் பலமாக இருந்தது. அடுத்த வாரம் போதகர் என்னை முக்காலிக்கு அழைத்தார். பண்டிகை ஞாயிறுகளும் எனக்கே வந்தன.

எங்கள் சபையில், மாதம் ஒருமுறை அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு முன் எல்லாரும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டும். இசைக்கருவி மட்டும் அப்போதும் மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். நான் மீண்டும் வாசிக்கத் தொடங்கிய முதல் மாதமே மாஸ்டர் ஆண்களின் டெனர் வரிசையிலிருந்து இறங்கி என்னருகே வந்து, இரு கைகளையும் குவித்து நீட்டினார். "சமாதானம்மா" என்றார். மற்றவர்கள் இருக்கைக்குத் திரும்பிவிட்டார்கள், பாட்டை முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை. இரண்டு கைகளும் கட்டைகளில் இருந்தன. அவர் நின்ற நேரம் முழுவதும் அதே சுரக்கூட்டை அழுத்திப் பிடித்திருந்தேன்.

இப்போது எம்.ஏ. படிக்கிறேன். மன்னிப்பைப் பற்றிய பிரசங்கங்களைக் கவனமாகக் கேட்கிறேன். அவற்றின் தர்க்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. மாதந்தோறும் திருவிருந்து ஞாயிறன்று மாஸ்டர் இறங்கி வந்து என்னருகே நிற்கிறார். மாதந்தோறும் நான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.