குதைபாவுக்குப் பின்னால் இருந்த சுவர்

நஜ்லா செய்த வேலைக்கு எங்கள் அலுவலகத்தில் சரியான பெயர் கிடையாது. அடையாள அட்டையில் 'வரைவாளர்' என்று போட்டிருந்தார்கள். நாங்கள் 'ஒட்டுக்காரி' என்று கூப்பிடுவோம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

மோசூல் நகரத்தின் பழைய ஊரில், ஆற்றங்கரையில் நின்ற வீடுகள் சண்டையில் நொறுங்கிப் போயிருந்தன. அவற்றில் சிலவற்றையாவது முன்பிருந்த மாதிரியே கட்டித் தருவதாக ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பு வந்தது. மிச்சமிருக்கும் சுவர்களை அளந்து கணினியில் வீட்டின் உருவத்தை எழுப்புவது என் வேலை. சுவரே மிஞ்சாத பக்கம் நஜ்லாவுடையது. வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் பழைய போட்டோவை ஸ்கேன் செய்வாள். அந்த உருவத்தின் மேல் அதை ஒட்டி, கோணலை நிமிர்த்தி, அதைப் பார்த்துப் பார்த்து வாசலையும் ஜன்னலையும் கல் கல்லாக வரைவாள்.

யாரும் வீட்டைப் போட்டோ எடுத்து வைப்பதில்லை. கல்யாணம், பெருநாள், புதுக் கார் என்று எடுத்த படங்கள்தான் வரும். எல்லாவற்றிலும் முன்னால் ஆட்கள் நிற்பார்கள். "இந்த ஊர்ல சுவர மறைக்காம நிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் கூடவா இல்ல?" என்று திரையைப் பார்த்து முணுமுணுப்பாள்.

சண்டைக்கு முன்னால் அவள் பாலிடெக்னிக்கில் வரைகலை சொல்லிக்கொடுத்தவள். கறுப்புக்கொடி பிடித்த ஆயுதக்காரர்கள் ஊரைப் பிடித்திருந்த வருஷங்களில் வாசலைத் தாண்டவில்லை. இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடது கரையில் அண்ணன் வீட்டில், அண்ணன் பிள்ளைகளோடு ஒரே அறை. அவர்கள் குடும்ப வீடும் பழைய ஊரில்தான் இடிந்து கிடந்தது. "உன் வீட்டுக்கும் மனு போடலாமே" என்று ஒருதடவை கேட்டேன். "கட்டினா அங்க போய் யாரு இருக்கறது? நானா? கூட்டிப் பெருக்கவே ஒரு நாள் ஆகும்" என்றாள்.

உம் குதைபா வந்தது குளிர்காலத்தில். குதைபாவின் அம்மா என்பதால் அந்தப் பெயர். கூடவே கொழுந்தன் கானிம். அவள் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தது ஒரே ஒரு போட்டோ. வாசல் வளைவின் ஓரத்தில், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர்க் குழாயோடு ஒரு பையன் சுவரில் சாய்ந்திருந்தான். வெறுங்கால். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எப்ப எடுத்தது பெரியம்மா?" என்று கேட்டாள் நஜ்லா.

"என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு. வாசலக் கழுவுடான்னு தூங்கறவனப் பிடிச்சுத் தள்ளினேன். மூஞ்சியப் பாரு, என்னத் திட்டிக்கிட்டே நிக்கறான்."

சண்டையின் கடைசி வாரங்களில், ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன குதைபா திரும்பி வரவில்லை. இதை அவள் சொல்லவில்லை. அவள் கை கழுவப் போனபோது கானிம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஸ்கேன் செய்த படம் கணினிக்குள் வந்து விழும்போது தீப்பெட்டி அளவும் இருக்கலாம், மலை அளவும் இருக்கலாம். அதில் உள்ள ஏதாவது ஒன்றின் உண்மையான நீளத்தைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் தன் அளவுக்கு வரும். கதவு எரிந்துவிட்டது. வளைவுக் கற்கள் ஜல்லியாகிவிட்டன. அந்தப் படத்தில் அளவு தெரியக்கூடியது ஒன்றுதான் இருந்தது. நஜ்லா பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"பெரியம்மா, குதைபா எவ்வளவு உயரம் இருப்பாரு?"

கானிம் முந்திக்கொண்டார். "ஒரு மீட்டர் எண்பத்தஞ்சு. எங்க குடும்பத்துல எல்லாருமே உயரம்."

"உங்க குடும்பத்துல எல்லாரும் பேச்சுலதான் உயரம்" என்றாள் உம் குதைபா. "அளவெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஆனா பாத்தா சொல்லுவேன்."

எங்கள் இன்ஜினியர் ஸஃப்வான் அப்போதுதான் உள்ளே வந்தான். உம் குதைபா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, அந்தச் செவுத்தோரம் நில்லு. ஷூவக் கழட்டு. என் பையன் வெறுங்காலோட நிக்கறான் பாரு."

ஸஃப்வான் கழற்றினான். சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரலை மடக்கி மறைத்துக்கொண்டான். "உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா? அதானே பாத்தேன்" என்றாள். அவன் பக்கத்தில் போய் நின்று, தன் உச்சந்தலையைத் தொட்ட கையை அப்படியே நீட்டினாள். அது அவன் தாடையில் முட்டியது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"என் பையனுக்கு உதட்டுல முட்டும். இந்தத் தம்பிய விட நாலு விரல் குட்ட" என்றாள்.

நஜ்லா நாடாவால் ஸஃப்வானை அளந்து, நாலு விரலைக் கழித்து, படத்தில் குதைபாவின் குதிகாலிலிருந்து தலைவரை ஒரு கோடு இழுத்து அந்த எண்ணைத் தட்டினாள். படம் விரிந்தது. வாசல், வளைவு, மேல் ஜன்னல் எல்லாம் நான் அளந்து வைத்திருந்த அஸ்திவாரத்தின் மேல் வந்து உட்கார்ந்தன. அவர்கள் போன பிறகு, "தலை வலிக்குது" என்று மேசையிலேயே கவிழ்ந்துகொண்டாள்.

இத்தோடு வேலை முடிவதில்லை. மேலிடத்துக்குப் போகும் உருவத்தில் ஆள் முகம் இருக்கக்கூடாது என்பது விதி. அதனால் போட்டோவில் நிற்பவர்களை அழித்துவிட்டு, பக்கத்துக் கல்லை எடுத்து அந்த இடத்தை மூட வேண்டும். எத்தனை பேரை அப்படி மூடினாளோ. மணப்பெண்கள், கிழவர்கள், தொட்டில் பிள்ளைகள். அவளுக்கு அதுதான் ரொம்ப அலுப்பான வேலை.

குதைபாவின் தலையையும் தோளையும் மூடி முடித்திருந்தாள். அப்போதுதான் உம் குதைபா, பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கிளேச்சா பலகார டப்பாவோடு உள்ளே வந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. திரையில் சுருட்டிய கால்சட்டையும் வெறுங்காலும் குழாய் பிடித்த கையும் மட்டும் நின்றன.

நஜ்லா பதறித் திரையை அணைக்கப் போனாள். "வேணாம்மா. செய். நான் உக்காந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் அவள். நான் டீ போட எழுந்தேன்.

உம் குதைபா திரையை எட்டிப் பார்த்தாள். "அங்க வெறும் கல்லையா வைக்கற? அவன் முதுகுக்குப் பின்னாடி ஒரு மாடம் இருந்துச்சே. பால்காரி வெடியக்காலைல எருமப் பாலாடைய அதுல வச்சுட்டுப் போவா. யாரு காலும் படாது."

ஸஃப்வான் தலையைச் சொறிந்தான். "போட்டோல தெரியாதத எப்படிப் போடறது? மேல கேப்பாங்களே."

நஜ்லா மூடியதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். குதைபா மறுபடி முழுசாக நின்றான். அவன் இடது கையைப் பெரிதாக்கினாள். மேல்கை தெரிந்தது. முழங்கை தெரியவில்லை.

"முழங்கை எங்க போச்சு? செவுத்துக்குள்ள போயிருக்கு. மாடத்துல ஊனிக்கிட்டு நிக்கறாரு" என்றாள்.

ஸஃப்வான் குனிந்து பார்த்தான். "போடு" என்றான்.

அதன் பிறகு குதைபாவை அழித்தாள். உம் குதைபா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மறைந்தபோது முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள், அவ்வளவுதான். போகும்போது, "கிளேச்சாவ இன்னிக்கே தின்னுடுங்க, நாளைக்குக் கல்லாயிடும்" என்றாள். கதவு சாத்தியதும் நஜ்லா பல் வலி வந்தவள்போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு கோடுகூட இழுக்கவில்லை.

அடுத்த வருஷம் வீடு எழும்பியது. உம் குதைபா அதில் குடியேறவில்லை. தூஹூக் நகரத்தில் மகளோடு இருந்துவிட்டாள், வீட்டுக்குக் கானிம் குடும்பம் வந்தது. சாவி கொடுத்த அன்று மட்டும் வந்திருந்தாள். வாசலில் நின்று மாடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"கொஞ்சம் மேல இருக்கு" என்றாள்.

"எவ்வளவு பெரியம்மா?" நஜ்லா நாடாவை எடுத்துவிட்டாள்.

"விடும்மா. நான்தான் குறுகிப்போயிட்டேன்."

அதன் பிறகும் வீடுகள் வந்தன, போட்டோக்கள் வந்தன. பிறகு உதவி நின்றது. அலுவலகத்தை மூடினார்கள். நான் அர்பில் நகரத்துக்குப் போனேன். நஜ்லா இடது கரையிலேயே, சமையலறை அலமாரி விற்கும் கடையில் சேர்ந்தாள். வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையைக் கணினியில் எழுப்பி, அலமாரிக் கதவுகளில் மரப் படமும் மேடையில் பளிங்குப் படமும் ஒட்டிக் காட்டும் வேலை.

பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு தம்பதி வந்து தேக்கு வேண்டாம், வெள்ளை வேண்டும் என்றார்கள். ஒரு தட்டுத் தட்டினாள், வெள்ளையானது.

"பிடிச்சிருக்கா வேலை?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடறேன்."

"உம் குதைபா எப்படி இருக்காங்க?"

"போன் பண்ணுவாங்க. ஸஃப்வானுக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்காங்களாம். அவன் போனே எடுக்கறதில்ல."

டீ வந்தது. அதைத் தொடாமல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன். தூங்கவில்லை. அவள் களைப்பு ஆறட்டும் என்று நான் என் டீயைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.