பால் ஊற்ற வந்தவர்கள்

அப்பாவுக்குப் பால் ஊற்றப் போகிறார்கள் என்று தம்பி போனில் சொன்னபோது நான் கொழும்பில் வேறு யாருடைய அம்மாவுக்கோ கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். படுக்கையில் விழுந்துவிட்ட வயதானவர்களை அவர்கள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. குளிப்பாட்டுவேன், ஊட்டுவேன், புரட்டிப் படுக்கவைப்பேன், பீ மூத்திரம் அள்ளுவேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. நாசூக்காகச் சொல்கிறவர்கள் எவரும் அள்ளி நான் பார்த்ததில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஒருவர் சாகவும் இல்லாமல் தேறவும் இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், சொந்தபந்தமெல்லாம் கூடி ஆளுக்கொரு கரண்டி பால் வாயில் விடுவார்கள். எதன் மீதோ ஆசை மிச்சம் இருப்பதால்தான் உயிர் பிரியவில்லை என்பது கணக்கு. மண்ணாசை என்று சந்தேகம் வந்தால் மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். பொன்னாசை என்றால் மோதிரத்தை உரசிய தண்ணீர். அப்பாவுக்குப் பௌர்ணமிப் போயா அன்று ஊற்றுவதாக முடிவு. போயாவுக்கு மலையில் வேலை கிடையாது, எல்லாருக்கும் வசதி.

லீவு கேட்டுக்கொண்டு, முந்தின நாள் விடியுமுன்பே புறப்பட்டேன். பதுளையில் இறங்கி ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, நடுப்பகலுக்கு, வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்துக்கு வந்துவிட்டேன். எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மரணச் சங்கத்து நாற்காலிகள். அப்பா உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, வெளியே அவர் சாவுக்கு வருகிறவர்கள் உட்கார இடம் தயார். எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

உள்ளே போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. மழைக்குளிருக்குச் சன்னலைச் சாத்தியிருந்தார்கள். மெத்தைமேல் விரித்த உரச்சாக்கு, அதன்மேல் பழைய சாரத் துணி, அதன்மேல் அப்பா. கோயில் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதமாகப் படுக்கை. நாக்கு வெடித்துக் கறுத்திருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன், கிள்ளியபடியே நின்றது. கூப்பிட்டேன். கண்ணிமை அசைந்தது, அவ்வளவுதான்.

என் தொழிலில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இது சாவு இல்லை, தாகம்.

தம்பி மனைவி பகல் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்ததும், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் கொடுக்கிறாய் என்று கேட்டேன்.

"காலையில அரை டம்ளர் பிளேன்டீ, அந்திக்கு அரை டம்ளர் அண்ணி. கூடக் குடுத்தா நனைச்சுக்கிட்டே இருக்காரு. நான் பெரட்டுக்கு ஓடுவனா, சாரம் அலசுவனா? இந்த மழையில ஒரு துணி காயுதா?"

"அதுக்காகக் காயப் போட்டுக் கொல்லுவியா?"

அவள் கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். விடிந்ததும் பெரட்டில் பேர் கொடுக்க நிற்க வேண்டியவள், பொழுது சாய வந்து மாமனார் மூத்திரத்தையும் அலச வேண்டும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அப்பாவைப் புரட்டினேன். வால் எலும்புப் பக்கம் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். சாரம் அதில் ஒட்டிப் போயிருந்தது. வெந்நீர் விட்டு நனைத்து மெதுவாகப் பிரித்தபோது எனக்குக் குமட்டிக்கொண்டு வந்து, வாசலுக்கு ஓடிப் போய்ச் சாக்கடைக் கானில் வாந்தி எடுத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கொழும்பில் முன்பின் தெரியாதவர்களின் புண்ணைப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கழுவியிருக்கிறேன், ஒரு நாளும் குமட்டியதில்லை. பெற்ற அப்பாவின் உடம்பு என்றதும் எனக்கு அது முடியவில்லை.

திரும்பி வந்து கழுவி முடித்தேன். முதுகுக்கு மடித்த கம்பளியும் தலையணையும் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்து, உப்பும் சீனியும் கலந்த வெந்நீரைச் சின்னக் கரண்டியில் விட்டேன். ஒரு கரண்டி விட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த கரண்டி. பொழுது சாயும்வரை அதுதான் வேலை. விளக்குப் போடும் நேரத்தில் மெத்தை நனைந்தது. எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் லயம் நிறைந்துவிட்டது. பசறையிலிருந்து சித்தப்பா வந்தார், வெலிமடையிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம். நாலு மாதமாக எட்டிப் பார்க்காத முகங்கள். கையில் பிஸ்கட் பெட்டி, வாயில் "ஐயோ பாவம்". அறைக்குள் வந்து சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, வெளியே போய்ப் பால்தேத்தண்ணீர் கேட்டார்கள்.

சித்தப்பா வெற்றிலையில் ஒரு பிடி மண் மடித்துக் கொண்டுவந்திருந்தார். அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டிய ஏழாம் நம்பர் மலையின் மண்ணாம். எனக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. நாற்பது வருடம் அந்த மலையில் முதுகு வளைந்த மனுசனுக்குச் சொந்தமாக ஒரு கறிவேப்பிலைக் கன்று நட இடம் கிடையாது. படுத்திருக்கும் காம்பராவும் கம்பனியுடையது. அந்தக் கம்பனி மண்ணைக் கரைத்து அவர் வாயிலேயே ஊற்றி, ஆசை தீர்ந்ததா, போய் வா என்கிறார்கள்.

"சித்தப்பா, அப்பாவுக்குத் தண்ணிதான் வத்திப் போயிருக்கு. நேத்து குடுத்தேன், நல்லா இறங்குது. ரெண்டு நாள் பாருங்க, கண்ணு முழிப்பாரு."

"நாக்கு உள்ளுக்கு இழுத்திருச்சு புள்ள. நாங்க எத்தன சாவு பாத்திருக்கோம்."

"எத்தன பேரப் பொழைக்க வச்சிருக்கீங்க?"

அவர் காதில் விழாதது போல, டுபாயில் இருக்கும் தன் மகனுக்கு வீடியோ கோல் எடுத்துப் போனை உயர்த்திப் பிடித்தார். யாரோ என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். இன்னும் இரண்டு பேர் தலையணையை உருவி, அப்பாவைத் தெற்கே தலை வைத்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். மல்லாந்து கிடக்கும் பலவீனமான மனுசனுக்கு ஊற்றுவது வயிற்றுக்கா போகும்? நெஞ்சுக்குப் போகும். பால் ஊற்றினதும் நிம்மதியாக உயிர் போயிற்று என்று இவர்கள் சொல்லும் கதைகளில் எத்தனை பேர் மூச்சுத் திணறிச் செத்திருப்பார்கள் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

தம்பிதான் முதல் கரண்டி விட்டான். அப்பாவுக்குப் புரையேறியது. உதடு நீலம் பாரித்து, கண் மேலே செருகியது. "போகுது, போகுது" என்று ஒரு பெண் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். சித்தப்பா போனை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு புகுந்து பால் டம்ளரைத் தட்டிவிட்டேன். அப்பாவை ஒருக்களித்துப் போட்டு முதுகில் தட்டினேன். பால் கோழையோடு என் மடியில் கொட்டியது. இருமினார், பிறகு மூச்சு வந்தது.

"கொழும்புல நாலு வீட்டுப் பீய அள்ளிட்டு வந்து எங்களுக்குச் சட்டம் சொல்றியா?" என்று சித்தப்பா கத்தினார்.

"அள்ளினேன் சித்தப்பா. உங்க அண்ணனுக்கு நீங்க ஒரு நாளு அள்ளுனீங்களா?"

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சப் பேர் சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் வெற்றிலை துப்பிய வாசலை நான்தான் கழுவினேன்.

மூன்றாம் நாள் அப்பா கண் விழித்து என்னை அடையாளம் கண்டார். லீவை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், புண்ணுக்கு மருந்து, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டல். ஆனால் அருவருப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு தடவை சாரத்தை உருவும்போதும் மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் செய்தேன். வேலை சுத்தமாக நடக்கிறது, முகம் எப்படி இருந்தால் என்ன என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், தம்பியும் மனைவியும் மலைக்குப் போன பிறகு, தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அப்பா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். முந்தின நாளும் பாதியோடு நிறுத்தியது ஞாபகம் வந்தது.

"குடிங்கப்பா."

மாட்டேன் என்று தலையாட்டினார்.

"தாகம் இல்லியா?"

"இருக்கு."

"பெறகு என்ன?"

"குடிச்சா போகும். நீ தொடைக்கணும்." முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஒனக்கு ஒமட்டுது. நான் பாக்குறேன்ல?"

அந்த இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். இவ்வளவு போராடி இழுத்து வைத்திருக்கிறேன், இந்த மனுசன் வாயை மூடிக்கொள்கிறாரே என்கிற ஆத்திரம். என் முகத்தை அவர் படித்துவிட்டார் என்பது அதைவிட எரிந்தது.

"இப்பக் குடிக்கப் போறீங்களா இல்லியா?" என்று அதட்டினேன். என் வலது கை ஓங்கியிருந்ததை நானே பிறகுதான் பார்த்தேன்.

அப்பா வாயைத் திறந்தார். என் கையிலிருந்து கண்ணை எடுக்காமல், முழு டம்ளரையும் குடித்து முடித்தார்.