நல்லாக் கேக்குதுங்க

பொன்னாடை என்று சொல்லி மேடையில் போர்த்துகிறார்களே, அந்தப் பளபளப்புத் துணியைப் பார்த்தாலே எனக்கு இப்போது குமட்டுகிறது. அது எதற்கும் ஆகாது. உடுத்த முடியாது, விரிக்க முடியாது, கைப்பிடித் துணியாகக்கூட உதவாது. எங்கள் சங்கத்தின் அலுவலக அலமாரியில் இரண்டு தட்டு முழுக்க அந்தத் துணிதான் இருக்கிறது. அதற்கு அடியில் என்ன கிடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோயம்புத்தூரில் காது மிஷின் விற்கும் கடையில் காது பரிசோதனை செய்கிறவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சொன்ன அந்தச் சேவைச் சங்கத்தின் இலவச முகாம்களுக்குப் போவேன். கண்ணுக்குத் தனிக் குழு உண்டு. காதுக்கு நான் ஒருத்திதான். கண் குழுக்காரர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. கண்ணாடி போட்டவர் சுவரில் தொங்கும் காலண்டரைப் படித்துக் காட்டிவிடுவார், வேலை முடிந்தது. காது கேட்டதா என்பதைக் கேட்டவரே வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. எங்கள் சீமையில் வாய் அவ்வளவு சுலபத்தில் உண்மையைச் சொல்லி எதிராளியைச் சங்கடப்படுத்தாது. பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லை என்றாலும் 'அருமையா இருக்குதுங்க' என்று சொல்லி எழுந்துபோகிற ஜனங்கள். அதிலும் இலவசமாகக் கொடுத்த பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தபோதுதான் அந்த அக்கா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. இருபத்தைந்து வருடமாக விசைத்தறியில் வேலை. தறிக் குடோனுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அதனால் காது போவது அவர்களுக்கே தெரியாது. இந்த அக்காவுக்கும் வீட்டில் குக்கர் விசில் கேட்காமல் பருப்பு தீய்ந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. எங்கள் சங்கத் தலைவருக்கும் தறிகள் உண்டு. தன்னிடம் வேலை செய்கிறவர்களுக்குக் காதில் வைக்க ஒரு பஞ்சு உருண்டை வாங்கிக் கொடுத்தவர் அல்ல. காது மிஷின் கொடுப்பதில் மட்டும் அவருக்கு அலாதிப் பிரியம்.

பரிசோதனை முடிந்ததும் அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மணி, எம்பட புள்ளைக்கு ஏழு மாசமுங்க. கோபிப் பக்கம் கட்டிக் குடுத்திருக்குது. தலைப்பிரசவத்துக்கு நம்ம ஊட்டுக்குத்தானுங்களே கூட்டியாரோணும்? சம்பந்தியம்மா தயங்கறாங்க. கைக்கொளந்தை அளுதாக்கூடக் கேக்காதவங்க ஊட்டுல எப்படீங்க உடறதுன்னு கேக்கறாங்க. அவுங்க கேக்கறதும் நாயந்தானுங்களே."

மாதிரிக்கு வைத்திருந்த மிஷின் ஒன்றை அவர் காதில் மாட்டிவிட்டேன். அவர் சட்டென்று மேலே பார்த்தார். மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பிறகு கையை ஆட்டித் தன் வளையல் சத்தத்தைக் கேட்டார். இன்னொரு முறை ஆட்டினார். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்: "உங்களுக்குன்னு மிஷின் வந்ததும் மொதல்ல ஒரு மாதிரியாத்தான் இருக்குமுங்கக்கா. சரியாக் கேக்கலைன்னு கழட்டி வெச்சுராதீங்க. போட்டுட்டே இருந்தாப் பழகிரும்."

அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் மிஷின் வழங்கும் விழா. அதற்கு முந்தின வருட விழாவில் ஒரு காரியம் நடந்திருந்தது. சிறப்பு விருந்தினர் பேசப் பேச, காதில் சரியாகப் பொருந்தாத மிஷின்கள் எல்லாம் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் கீச்சுக் கீச்சென்று விசிலடித்துவிட்டன. கூட்டம் சிரித்துவிட்டது. அந்த அவமானத்தைத் தலைவர் மறக்கவில்லை.

"அம்மணி, இந்த வாட்டி மிஷினுக்குப் பேட்டரி போட வேண்டாம். மேடையில சும்மா காதுல மாட்டி உட்டாப் போதும். பங்சன் முடிஞ்சதும் நீங்க தனியா டேபிள் போட்டுப் பேட்டரி குடுத்துச் சொல்லிக் குடுங்க. எப்படி?"

அந்தப் பேட்டரி சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால்தான் அதற்கு உயிர் வரும், உரித்த நிமிடத்திலிருந்து தீர ஆரம்பிக்கும். விழா தாமதமானால் பேட்டரி வீண்தானே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, "சரீங்க" என்றேன். ஊர் ஜனங்களைக் குறை சொன்னேனே, நான் மட்டும் வேறு ஊரா?

விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதம். காலையில் சாப்பிட்டும் சாப்பிடாமலும் வேனில் அழைத்துவரப்பட்ட வயசாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிறுநீர் கழிக்க எழுந்த ஒருவரை, "ஐயா வர்ற நேரமுங்க, உக்காருங்க" என்று மறுபடி உட்கார வைத்தார்கள். பிறகு பொன்னாடைகள். மிஷின் வாங்க வந்தவர்களைவிடப் பொன்னாடை வாங்க வந்தவர்கள் அதிகம். விருந்தினர் தன் பேச்சில் செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு வேடிக்கை வேறு சொன்னார். முன்வரிசையில் கேட்காதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் தாங்களும் சிரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது.

ஒவ்வொருவராக மேடைக்கு ஏற்றி, செத்த மிஷினைக் காதில் மாட்டி, மைக்கை வாய்ப்பக்கம் நீட்டி, விருந்தினர் கேட்டார்: "என்னங்கம்மா, கேக்குதுங்களா?"

அக்காவின் முறை வந்தது. அவர் விருந்தினரின் உதட்டைப் பார்த்தார். பிறகு மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை ஒருதரம் பார்த்தார். கையை லேசாக ஆட்டினார். வளையல் ஆடியதை நான் மேடையோரத்தில் இருந்து பார்த்தேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

"நல்லாக் கேக்குதுங்க."

கைதட்டல். ஃபோட்டோ. அடுத்தவர். அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, கேட்கவில்லை என்று சொல்லவில்லை. நானும் போய் மைக்கைப் பிடுங்கவில்லை. முடிந்ததும் மேஜை போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று நின்றிருந்தேன்.

மேஜை போடுவதற்குள் விருந்தினருக்கு வழிவிட வேண்டும் என்று வேன்களை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அக்காவும் மற்ற தறி வேலைக்காரர்களும் வந்த வேன்தான் முதலில் போனது. நான் பேட்டரிப் பையோடு வாசலுக்கு ஓடியபோது புழுதிதான் மிச்சம். தலைவர் பந்தியில் பாயசத்தில் இருந்தார்.

"அதுக்கு ஏனுங்க அம்மணி பதறறீங்க? பையைக் குடுங்க, நாளைக்கு டிரைவர்கிட்டக் குடுத்தனுப்பிச்சர்றேன்."

கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் மனசு லேசானதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. கைகூப்பி நிற்கும் அக்காவும், பல் தெரியச் சிரிக்கும் விருந்தினரும். தலைவர் அதை வெட்டிக் கண்ணாடி போட்டுச் சங்கத்தில் மாட்டினார்.

ஆறு வாரம் கழித்து வேறு ஒரு காகிதம் தேடி அந்த அலமாரியைத் திறந்தேன். பொன்னாடைக் குவியலுக்கு அடியில் என் பேட்டரிப் பை, கட்டிய முடிச்சு கட்டியபடி. டிரைவரைக் கேட்டால் தன்னிடம் யாரும் எதுவும் தரவில்லை என்றார். தலைவரைக் கேட்டேன். "அட, மறந்தே போச்சுங்களே. அதான் மிஷின் குடுத்தாச்சுல்ல, கடையில பேட்டரி வாங்கிக்க மாட்டாங்களா?" மிஷினுக்குப் பேட்டரி ஒன்று உண்டு என்பதையே நாங்கள் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. விண்ணப்பங்களைப் புரட்டி ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காது கேட்காதவர்களின் சொந்த செல்போன் நம்பரை எழுதி வாங்கி வைத்திருந்த எங்கள் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது! தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது. முதலில் என் மேல்தான்.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறிப் போனேன். அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு உள்ளே ஓடி, தூசி படக் கூடாதென்று கழற்றி வைத்திருந்த மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டு வந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார்: "வாங்க அம்மணி, நல்லாக் கேக்குதுங்க."

நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. ஆறேழு வாரமாக அந்தச் செத்த மிஷினைத் தினமும் மாட்டியிருக்கிறார், குளிக்கும்போதும் தூங்கும்போதும் தூசி பறக்கும் வேலையின்போதும் மட்டும் கழற்றி. "போட்டுட்டே இருந்தாப் பளகும்னு சொன்னீங்களே. எனக்கு மட்டும் பளகலைங்க. மேடையில அத்தன பேருக்கும் கேட்டுதே, நம்ம காதுதான் மோசமாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேனுங்க." ஒன்பதாம் மாதம் சம்பந்தியம்மாள் வந்திருக்கிறார். மிஷின் வந்துவிட்டது என்று அக்கா காட்டியிருக்கிறார். அக்கா அடுப்படியில் நிற்கும்போது சம்பந்தியம்மாள் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு தட்டத்தையும் கீழே போட்டுப் பார்த்திருக்கிறார். அக்கா திரும்பவில்லை; பிறகு ஆஸ்பத்திரியில் மகள் சொல்லித்தான் அவருக்கே தெரியும். மிஷின் போட்டும் கேட்கவில்லை என்றால் இனி என்ன இருக்கிறது என்று, மகளை அங்கேயே பிரசவம் பார்க்க முடிவு செய்துவிட்டார்கள். பேத்தி பிறந்து இருபது நாள். அக்கா ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்ததோடு சரி.

ஸ்டிக்கரை உரித்து, பேட்டரியைப் போட்டு, மிஷினை மாட்டினேன். பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்கு அவர் தலை திரும்பியது. வளையலை ஆட்டினார். இத்தனை நாள் மிஷினில் பேட்டரியே இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப எம்பட காது மேல தப்பில்லீங்களா அம்மணி? இதச் சம்பந்தியம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்களேன். நாஞ்சொன்னா நம்ப மாட்டாங்க."

அவர் ஃபோனிலேயே கூப்பிட்டு, அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். பேட்டரி இல்லாத கதையை ஒளிக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மாளின் குரல் நிதானமாக, தேனாக வந்தது.

"அடடா, அப்படீங்களா? இப்பக் கேக்குதுன்னா ரொம்பச் சந்தோசமுங்க. ஆனா பாருங்க, கொளந்தை இங்கயே பளகிருச்சுங்க. இனி அவங்களை எதுக்குங்க சிரமப்படுத்தோணும்? நாங்களே பாத்துக்கறமுங்க."

ஒரு கடுஞ்சொல் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'. நான் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது ஃபோனுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாப்பா அளுவுதுங்க, வெச்சர்றனுங்க" என்று ஃபோன் நின்றது.

அக்கா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்விதான் என் வாயில் வந்தது.

"கேட்டுச்சுங்களாக்கா?"

"நல்லாக் கேட்டுதுங்க அம்மணி" என்றார்.