மணத்துக்கு வைத்த ஆள்

என் மனுசன் தயாபரன் வேட்டை பழகப் போவதாகச் சொன்ன அன்று, கையிலிருந்த சோற்றுப் பானையை அடுப்பில் டமார் என்று வைத்தேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வந்த மனிதர், சுவிஸ் குடியுரிமை கிடைத்த கையோடு துவக்கு வாங்கப் போகிறாராம்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன்.

"இருபது வருசமா மானைச் சமைக்கிறன் ஜெயந்தி. உயிரோட ஒண்டைக்கூடக் கிட்ட நிண்டு பார்த்ததில்லை" என்றார்.

அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் எனக்குத் தெரியும். கூர் நகரத்தில் ஒரு ஹோட்டலில் அவர் சமையல்காரர். செப்டெம்பரில் வேட்டைக் காலம் தொடங்கினால் அங்கே மான் இறைச்சிதான் எல்லா மேசையிலும். ஒருமுறை வேட்டைக்காரர் சிலர் இறைச்சி கடினமாக இருக்கிறது என்று குறை சொல்ல, இவர் வெளியே போய், மான் வெருண்டு ஓடும்போது சுட்டிருக்கிறீர்கள், அதுதான் இப்படி என்றாராம். நீ எப்போதாவது துவக்கைத் தொட்டிருக்கிறாயா என்று ஒருவன் கேட்க, மேசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இவருடைய நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் படித்தார். பல்லைப் பார்த்து வயது சொல்வது, எதைச் சுடலாம், எதைத் தொடவே கூடாது என்பது, காற்று எந்த நேரம் எந்தப் பக்கம் போகும் என்பது எல்லாம் ஜெர்மனில். வேலை முடிந்து வந்து வெங்காயம் மணக்கும் கையோடு புத்தகத்தைப் பிரிப்பார். லீவு நாட்களில் மலையில் புதர் வெட்டிக் கொடுக்கப் போவார். வேட்டைக்கு வருகிறவன் காட்டுக்கும் உழைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். கடைசியில் தேர்வில் தேறினார்.

அனுமதி வாங்கியவர் எங்கள் மாநிலத்தில் எந்த மலையிலும் ஏறலாம். ஆனால் ஒரு ஆண்மான் விழுந்தால் ஒற்றை ஆளாகக் கீழே கொண்டுவர முடியாது. அதனால் புதியவர்கள் ஏதாவது ஒரு கூட்டத்தோடு சேர்ந்துகொள்வார்கள். இவர் சேர்ந்தது தச்சுப் பட்டறை வைத்திருக்கும் ரேட்டோவின் கூட்டத்தில். ரேட்டோவோடு நான்கு பேர். முதல் நாளே ரேட்டோ இவருடைய ஜாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு, "கறி மணக்கிறது. மான்கள் இத்தாலிக்கே ஓடிவிடும்" என்றானாம். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தாராம். வீட்டில் வந்து எனக்குச் சொல்லும்போதும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் என்ன செய்தேன்? என் மனுசன் ஆசைப்பட்டுவிட்டாரே என்று செப்டெம்பர் முழுக்கத் தாளிப்பதை நிறுத்தினேன். கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, கருவாடு இல்லை. அவருடைய உடுப்பை மணமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்துப் பல்கனியில் காயப்போட்டேன். என் தம்பி ஆரணன் சாப்பிட வந்து சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதென்ன ஆஸ்பத்திரிச் சாப்பாடோ?" என்றான். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றேன். இரண்டு வருடம் இப்படி.

இரண்டு வருடமும் ரேட்டோ இவரை உச்சியில்தான் இருத்தினான். புதியவருக்கு அங்கிருந்து நல்ல பார்வை கிடைக்குமாம். வெயில் ஏறும்வரை மலையில் குளிர்காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும் என்று வகுப்பில் படித்தவர் இவர். மேலே இருந்தால் என் மணம் கீழே போய் மான் வெருளாதா என்று கேட்டும் இருக்கிறார். "இந்தச் சரிவு வேறு மாதிரி. நான் இங்கே பிறந்தவன்" என்றானாம் ரேட்டோ. உடனே இவர் தலையாட்டிவிட்டார். விசாவுக்காக வருடக்கணக்காக ஒவ்வொரு கந்தோரிலும் தலையாட்டிப் பழகிய கழுத்தல்லவா! எங்கள் ஆட்களின் வியாதியே இதுதான். படித்ததை விட்டுவிட்டு, இங்கே பிறந்தவன் சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்வோம். கீழே நின்றவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் மான் விழுந்தது. இவருக்கு அவர்களுடைய மானைத் தூக்கி இறக்கும் வேலை மட்டும் கிடைத்தது.

மூன்றாம் வருடமும் அதே உச்சி, அதே தாளிக்காத சமையல், சீசன் முடியும் தறுவாய்க்கு வந்தது. "இந்த முறையும் இல்லையெண்டா துவக்கைக் குடுத்திடுறன்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை லீவு கிடைக்காமல் ஹோட்டலில் நின்றார். ரேட்டோவின் கூட்டம் அங்கேயே சாப்பிட வந்தது. பரிமாறியவள் ஹரிஷா, கூரில் பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை. அவளுடைய கறுத்த முகத்தைப் பார்த்து இவளுக்கு என்ன விளங்கப் போகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, இந்த ஊர் ஜெர்மன் பேச்சில் வாய்விட்டுக் கதைத்தார்கள். அவள் தட்டுக்களைக்கூட எடுக்காமல் குசினிக்குள் ஓடி வந்தாள்.

"அங்கிள், நாய் விட்டு மானைக் கலைக்கிறதுக்குச் சட்டம் விடாதாம். ஆனா உங்களை மேல இருத்தினா ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாதாம். உங்கட மணம் கீழ இறங்க, மான் எல்லாம் தங்கட பக்கம் வருதாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்கள்."

இவர் அந்த மேசைக்கான இறைச்சியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனித மணம் என்றால் எவனுடைய மணத்துக்கும் மான் ஓடும். ரேட்டோ உச்சியில் குந்தினாலும் ஓடும். அதைக் கறி மணம் என்று சொல்லி இவரையும் கூனிக்குறுக வைத்து, என் அடுப்பையும் அல்லவா அணைத்து வைத்தான்! அப்போதே தொலைபேசியில் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கப் போனேன்.

"விடும் ஜெயந்தி. நாளைக்கு நான் மேல போகேல்லை" என்றார்.

மறுநாள் புரட்டாதிச் சனி. நான் முழுகி, எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும்போது அவருடைய அழைப்பு வந்தது.

"கீழ நிண்டன். விழுந்திட்டுது. ஒரே வெடி. ஆனா ரேட்டோ ஆக்களோட சண்டை பிடிச்சிட்டன். தூக்க ஆளில்லை."

ஆரணனை இழுத்துக்கொண்டு காரில் போய், பாதை முடிந்த இடத்திலிருந்து ஏறினோம். புல்வெளி ஓரத்தில் பெரிய ஆண்மான் கிடந்தது. அருகில் இவர். கொஞ்சம் தள்ளி ரேட்டோவும் மற்ற மூவரும். முதல் மானைச் சுட்டவனுக்கு இன்னொருவர் தேவதாரு மரக் கிளையொன்றை முறித்து, மானின் இரத்தத்தில் தொட்டு, தொப்பியில் செருகக் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் "வைட்மன்ஸ்ஹைல்" என்று வாழ்த்த வேண்டும். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மனிதர் மூன்று வருடம் குளிரில் விறைத்துக் கிடந்தார். ரேட்டோ நீட்டிய கிளையை இவர் வாங்கவில்லை. அது ரேட்டோவின் கையிலேயே இருந்தது.

"நீங்களாவது சொல்லுங்கள். அவரை மேலே இருத்தியது வேட்டைக்காரருக்குள் ஒரு பகிடி" என்றான் என்னிடம்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் அன்று வரிசையில் வந்து நின்றது. "மூன்று செப்டெம்பர் நான் என் வீட்டில் தாளிக்கவில்லை. உன்னுடைய பகிடிக்காக. என் மனுசனை நாயாகப் பாவித்தாய். நாய்க்காவது கடைசியில் ஒரு எலும்பு போடுவாய்."

ரேட்டோவின் முகம் சிவந்தது. "தானே கிளையை முறித்துச் செருகினால் அது முறையில்லை. யாராவது கொடுக்கத்தான் வேண்டும்" என்று முணுமுணுத்தான்.

"கொடுப்பவரும் வேட்டைக்காரராக இருக்க வேண்டுமா?"

ரேட்டோவின் பின்னால் நின்ற ஒருவன் தலையைக் குனிந்தபடி, இல்லை என்றான்.

நான் போய் ஒரு கிளையை முறித்தேன். முழுகிய உடம்பு, விரத நாள். சனீஸ்வரன் வந்து கேட்டால் அவருக்கும் பதில் வைத்திருந்தேன். இரத்தத்தில் தொட்டு நீட்டி, அந்த வார்த்தையை என் வாய்க்கு வந்தபடி சொன்னேன். இவர் தொப்பியைக் கழற்றினார். பதிலுக்கு நன்றி சொல்லும் வார்த்தையை மலை முழுக்கக் கேட்கச் சொன்னார்.

ஆரணன் மானின் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்களால ஏலாது" என்றான்.

நான் ரேட்டோவைத் திரும்பிப் பார்த்து, "தூக்கு" என்றேன். இவர் தூக்கி இறக்கிய மான்களின் கணக்கு அவனுக்கும் தெரியும்தானே. நால்வரும் வந்து கயிற்றைப் பிடித்தார்கள்.

கார்வரை இழுத்து வந்தார்கள். மானை ஏற்றி முடிந்ததும் ரேட்டோ கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். இந்த நாட்டில் நமக்காகக் கதவைத் திறந்து பிடித்தவனுக்குக்கூட மெர்சி என்று நன்றி சொல்லாமல் நகர மாட்டோம். இவருடைய வாயும் பழக்கத்தில் திறந்தது. அவனுடைய முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினார்.