காப்புக் கட்டிய கோல்கீப்பர்

எங்கள் ஆட்கள் என் மூளையைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பாராட்டிப் பேசியிருக்கிறார்கள். விளைவைப் பார்த்த பிறகு மறுபடி யாரும் பேசவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மராட்டி பேசும் ஊரான கசார்வாடியில் இருந்தோம். பழைய மும்பை ரோட்டுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே, லேத் பட்டறைகளுக்குப் பின்னால், எழுபது எண்பது தமிழ்க் குடும்பங்கள். பெரும்பாலும் சேலத்துப் பக்கம். ஒருவர் வந்து பட்டறையில் சேர்ந்து, தம்பியை வரவழைத்து, தம்பி தன் மச்சினனை வரவழைத்து, இப்படியே போனதில் யாரும் எதிர்பாராமல் ஒரு கால்பந்து அணி சேர்ந்துவிட்டது. அப்பா அதற்கு இளந்தென்றல் கால்பந்துக் கழகம் என்று பெயர் வைத்து, தானே செயலாளர் ஆனார். பெயரைச் சொல்ல வராத மராட்டிக்காரர்கள் ‘அண்ணா டீம்’ என்றார்கள். மாவட்ட லீகில் கடைசிப் பிரிவில் ஆடினோம். அதற்குக் கீழே தரைதான் இருந்தது.

அணி நன்றாக ஆடியது என்று சொன்னால் அது பொய். ஆனால் தோற்ற மறுநாளும் உள்ளூர் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்து மூலையில் ஒற்றை வரியில் கிளப்பின் பெயர் வரும். அப்பா அதைக் கத்தரித்து ஒரு பழைய டைரியில் ஒட்டிவைப்பார். இருபது வருடம் வேலை செய்த பட்டறையில் அவரை ‘மதராசி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஊரில் அவர் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று அச்சில் வந்தது அந்த ஒற்றை வரியில் மட்டும்தான். லீக் கொடுத்த பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களோடு மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் ஒரு பூ விழும்.

லீகில் ஒரு விதி இருந்தது. ஒரே பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்கு வராமல் போனால் கிளப்பின் பெயரை நீக்கிவிடுவார்கள். நாங்கள் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களுக்குப் போகவில்லை. முதல் முறை, பட்டறைகளில் ஓவர்டைம். இரண்டாம் முறை, சேலத்தில் கல்யாணம். அணி முழுக்க உறவுக்காரர்கள் என்பதால் அத்தனை பேரும் ரயிலேறிவிட்டார்கள். மாப்பிள்ளையே எங்கள் சென்டர் ஃபார்வர்டு. அவனிடம் போய் என்ன கேட்பது?

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஆடி மாதத்தில், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரத்தில் வந்து விழுந்தது. காப்பு என்றால் மணிக்கட்டில் கட்டும் மஞ்சள் கயிறு. கட்டிய நாளிலிருந்து தீச்சட்டி எடுக்கும் நாள் வரை ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, காலில் செருப்பு கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு ஊர் என்று ஒன்று இல்லாததால் குடியிருப்பின் நான்கு பக்கமும் வேப்பிலைக் கொத்து கட்டி அதையே எல்லை என்று வைத்துக்கொண்டோம். அடுத்த பேட்டையான தாபோடிப் பக்கத்துக் கொத்து, சாக்கடை ஓடும் நாலாவின் சின்னப் பாலத்து இரும்புக் கம்பியில் இருந்தது. ஆட்டம் நடக்கும் மைதானம் தாபோடியில். நாலாவுக்கு அந்தப் பக்கம்.

லீகில் பெயர் பதிந்த ஆட்டக்காரர்கள் பதினான்கு பேர். அவர்களில் எட்டுப் பேர் கையில் மஞ்சள் கயிறு. மிச்சம் ஆறு. குறைந்தது ஏழு பேர் இருந்தால்தான் ஆட்டம் தொடங்கும். நடுவில் ஏழு ஆறானால் அதுவும் வராத கணக்குதான்.

அப்பா தேதியை மாற்றச் சொல்லிக் கேட்க லீக் செயலாளரின் ஸ்டேஷனரிக் கடைக்குப் போனார். நானும் போயிருந்தேன். அவர் நல்ல மனிதர். எங்களுக்குச் சாயா வரவழைத்துவிட்டு, “அண்ணா, தர் வேளி தும்ச காஹிதரி அஸ்தச்ச” என்றார். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று அர்த்தம். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் அப்பாவைச் சுட்டது.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் கூட்டம். காப்புக் கட்டாத ஆறு பேர், அப்பா, பூசாரி. தொப்பை விழும்வரை எங்கள் லெஃப்ட் பேக்காக இருந்தவர்தான் பூசாரி. எட்டுப் பேரில் அப்பா ஒருவரை மட்டும் கூப்பிட்டனுப்பியிருந்தார். அது என் தாய்மாமா. கோல்கீப்பர். வெறுங்காலோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

மாமாவின் காப்பு மற்றவர்களுடையதைப் போல வருடாந்திரச் சடங்கு அல்ல. அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்தது. மூன்றாவதாக உண்டாகி நான்கு மாதம். இந்தக் குழந்தை தங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டு முதல் முறையாகத் தீச்சட்டி எடுக்க இருந்தார். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

“நீங்களே எறங்கிடுங்க மாமா” என்றான் ஒருவன் அப்பாவிடம்.

“எம் பேரு செயலாளர்னுதாண்டா பதிஞ்சிருக்கு. ஆடுறவன்னு இல்ல.”

“அப்ப பூசாரிய எறக்குவோம்.”

“நான் எறங்குனா கோல் போஸ்ட்டு ரெண்டுக்கும் நடுவுல எடமே இருக்காது. நல்லதுதான்” என்ற பூசாரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். “காப்புக் கட்டினவன எல்லை தாண்டச் சொல்றியா? ஆத்தா சும்மா வுடுவாளா?”

“எல்லைன்னா எது? நாம கட்டுன வேப்பலதான?” என்றார் அப்பா.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். தாபோடியைத் தாண்டி ஆற்றுப் பாலத்தின் அருகே மாநகராட்சி ஒரு பெரிய போர்டு வைத்திருந்தது. எங்கள் நகரம் இங்கே முடிகிறது, நன்றி, மீண்டும் வருக என்று மராட்டியில் எழுதியிருக்கும். மைதானம் அதற்கு இந்தப் பக்கம். எங்களுக்குத் தண்ணீர் விடுவதும் மாமாவின் வீட்டுக்கு வரி போடுவதும் அதே மாநகராட்சிதான். ஆகவே ஊர் எல்லை என்பது போர்டுதான். நாலா வெறும் சாக்கடை. இதைப் பள்ளிக்கூடத்தில் விடை சொல்கிற மாதிரி கைகட்டி நின்று சொன்னேன்.

“அட, அட!” என்றார் பூசாரி. “இவன வக்கீலுக்குப் படிக்க வைங்கப்பா.”

கிளப் பிழைக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை. பழி மட்டும் தன் மேல் விழக் கூடாது. மறுநாள் காலையிலேயே சைக்கிளில் போய் அந்தப் போர்டின் காலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டிவிட்டு வந்தார். ஒரு மாநகராட்சி முழுவதும் தனக்கே தெரியாமல் எங்கள் அம்மனின் எல்லைக்குள் வந்தது.

அன்று கூட்டத்தில், நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அப்பா கேட்டார்: “என்ன மச்சான்?”

“நீங்க சொன்னாச் சரிங்க மாமா.”

அவ்வளவுதான் சொன்னார். என் வாதம் ஜெயித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பாராட்டவில்லை. சட்டியைக் கொஞ்சம் சத்தமாக இறக்கிவைத்தாள். பெண்களுக்கு ஃபுட்பால் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. மற்ற ஆறு பேரும் அப்பாவும் டெம்போவில் முன்னால் போய்விட்டார்கள். மாமா நடந்தே வருகிறேன் என்றார். நான் அவரோடு குடைக்குள் நடந்தேன். நாலா பாலம் வந்ததும் நின்றார். குடையை என்னிடம் கொடுத்தார். மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்து, இரும்புக் கம்பியில் வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்தில் கட்டினார். நனைந்துகொண்டே கைகூப்பிக் கொஞ்ச நேரம் நின்றார்.

“ஏன் மாமா கழட்டிட்டீங்க?”

“கையில கயிறு இருந்தா ரெஃபரி ஒத்துக்க மாட்டாரு கண்ணு.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. விதி என்றால் விதி. பிறகு பையிலிருந்து பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டார். வெறுங்காலோடு ஆடவும் ரெஃபரி விட மாட்டார் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தார் ரோட்டில் பூட்ஸின் குமிழ்கள் டக் டக்கென்று ஒலிக்க, மீதி தூரம் முழுவதும் அவர் நடந்தார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏழு பேருக்கு எதிராகப் பதினோரு பேர். சேறு. பாதி ஆட்டத்துக்குள் ஆறு கோல். எங்கள் ஆட்டக்காரர்களுக்குப் பந்து கிடைத்த நேரத்தைவிடச் சேற்றில் புதைந்த பூட்ஸைப் பிடுங்கிய நேரம் அதிகம். ஆனால் கோல் எத்தனை விழுந்தாலும் எங்களுக்குக் கவலையில்லை. ஏழு ஆறாகக் கூடாது, அதுதான் ஆட்டம். இரண்டாம் பாதியில் ஒருவன் வேகமாக அடித்த பந்தை மாமா தடுத்தபோது, வலது கைவிரல் பின்பக்கமாக மடங்கியது. அப்படியே மண்டி போட்டுவிட்டார். ரெஃபரி வந்து, வெளியே போகிறாயா என்று கேட்டார்.

அப்பா கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினார். “எந்திரி மச்சான்! எந்திரி! நின்னா மட்டும் போதும்டா!”

மாமா எழுந்து நின்றார். ஒரு கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். அதற்குப் பிறகு பந்து அவரைக் கடந்து போனதே தவிர, அவர் அதன் வழிக்குப் போகவில்லை. கடைசி விசில் ஊதியபோது பதினொன்றுக்குப் பூஜ்யம்.

எங்கள் ஆட்கள் அப்பாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஜெயித்த அணி ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. லீக் செயலாளர் குடையோடு வந்து அப்பாவின் கையைக் குலுக்கினார். திரும்பும்போது டெம்போவில் தார்ப்பாய்க்குள் ஒரே பாட்டு. நாலா பாலத்தை எப்போது தாண்டினோம் என்று யாரும் பார்க்கவில்லை. மறுநாள் பேப்பரில் அந்த ஒற்றை வரி வந்தது. அப்பா கத்தரித்து ஒட்டினார். டைரியில் அதுதான் கடைசி வரி.

தீச்சட்டி எடுக்கும் நாளன்று மாமா எடுக்கவில்லை. விரலில் அடி, சட்டி பிடிக்க முடியாது என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு, கட்டுப் போட்ட கையோடு கூட்டத்தில் நின்றார். காரணம் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அத்தை மட்டும் அந்தக் கட்டைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அப்பா பார்த்தார். பிறகு அப்பா ஏனோ என் பக்கம் திரும்பினார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

புரட்டாசியில் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் முறையும் வெறுங்கையோடு வந்தாள். டாக்டர் காரணத்தை விளக்கமாகச் சொன்னார். உலகத்தில் எந்த டாக்டரும் அதையேதான் சொல்லியிருப்பார். மணிக்கட்டில் கட்டும் கயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இன்றைக்கு நான் யாரிடமும் எவ்வளவு நேரமும் வாதாடுவேன். ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைப் படித்து ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். வாதாடுவதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வாதாட வேண்டிய ஆட்கள் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த பருவத்துக்கான லீக் படிவம் வந்தபோது அப்பா அதை நிரப்பவில்லை. கிளப் விலகிக்கொள்கிறது என்று என்னை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். நான் முடியாது என்றேன். அழுதேன். லீக் வெளியே தள்ளப் பார்த்தபோது போராடித் தப்பித்துவிட்டு, இப்போது தானாகவே வெளியே போகிற மடத்தனத்தை எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் சொல்லிக் கத்தினேன். அவர் “எழுது” என்று மட்டும் சொன்னார்.

செய்தி கேட்டு மாமா வந்தார். “ஏன் மாமா நிறுத்துறீங்க? ஆளு பத்தலேன்னா நான் வர்றேனே” என்றார்.

“வேணாம் மச்சான்” என்ற அப்பா, எழுந்து போய் நெடுநேரம் முகம் கழுவினார். சான்றிதழ் இருந்த ஆணியில் அதற்குப் பிறகு ஒரு காலண்டர் தொங்கியது. கிளப்பை இழந்ததற்காக நான் அப்பாவிடம் ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை.

இப்போது நான் குடியிருக்கும் நிக்டியிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்த நாலாவைத் தாண்டுகிறேன். பாலத்தை அகலப்படுத்திவிட்டார்கள், பழைய கம்பி இல்லை. மாமாவைப் பதினெட்டு வயதில் சேலத்திலிருந்து கூட்டி வந்ததும், பட்டறையில் சேர்த்துவிட்டதும், பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அப்பாதான். எட்டுப் பேரில் மாமா ஒருவரை மட்டும் அப்பா கூப்பிட்டது அவர் கோல்கீப்பர் என்பதால் அல்ல. அப்பாவிடம் இல்லை என்று சொல்ல மாமாவுக்கு வாய் வராது. அம்மனை ஏமாற்ற மனம் வராது; அதனால்தான் கயிற்றை எல்லையிலேயே விட்டுவிட்டு வந்தார். நான் சொன்ன போர்டை எல்லோரும் நம்பினார்கள், நம்ப வேண்டிய ஒருவரைத் தவிர.

அன்று ரெஃபரி யாருடைய கையையும் பார்க்கவில்லை. எதிரணியில் பாதிப் பேர் மணிக்கட்டில் கறுப்பும் சிவப்புமாகக் கயிறு கட்டிக்கொண்டுதான் ஆடினார்கள். கோலுக்குப் பின்னால், அத்தனைக்கும் மிக அருகில்தான் நான் நின்றேன். கோல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.