மூணு மணிக்குத் தூக்குறாங்க: பசறைக்கு ஒரு சாவுப் பயணம்

போன புதன்கிழமை பெரியப்பா இறந்துபோனார். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அவர் வீடு. "நாளைக்கு மூணு மணிக்குத் தூக்குறாங்க. மூஞ்சியப் பாக்கணும்னா நேரத்தோட வந்துரு" என்றார் பெரியம்மா போனில். என்னைத் தூக்கி வளர்த்தவர் பெரியப்பா. கடைசியாக ஒருமுறை அந்த முகத்தைப் பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொழும்பில் பஸ் ஏறினேன். பதுளைக்கு ஏழு மணி நேரம் என்றார்கள். சாரதி பண்டாரவளையில் சோறு சாப்பிட்ட நேரத்தை அதில் யாரும் சேர்க்கவில்லை. ஹாலிஎலயில் கண்டக்டர் ஒரு குடும்பத்துக்காகக் காத்து நின்றார். அவர்கள் ஆடி அசைந்து வந்தார்கள். பெரியப்பாவாக இருந்தால் இறங்கி நடந்திருப்பார். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் பசறைக்கு நடந்தே போகிற மனிதர் அவர். வழியில் அதே பஸ் வந்து நிறுத்தினாலும் ஏற மாட்டார்.

பதுளையிலிருந்து பசறைக்கு முக்கால் மணி நேரம், எல்லாம் வளைவு. பசறையில் த்ரீவீல் எண்ணூறு ரூபாய்.

"வழி கேக்கவே வேணாம்ணே, சாவு வீட்டுக்கு வழிநெடுக வெள்ளக்கொடி கட்டியிருக்காங்க. அதப் புடிச்சே போயிருவோம்" என்றார் டிரைவர்.

போனோம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடி பெட்டியருகே போனால், உள்ளே யாரோ ஒரு அம்மா. தோட்டத்தில் அன்றைக்கு இரண்டு சாவு! அதற்குள் எனக்கு நாற்காலி போட்டுக் கையில் சோடாவும் கொடுத்துவிட்டார்கள். பெரியப்பா பெயரைச் சொன்னேன்.

"ஐயோ, அது தோட்டத்து மேல் டிவிசன்ங்க, இது கீழ் டிவிசன். சோடாவக் குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். வேறென்ன செய்வது?

மேல் டிவிசனுக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்றரை. எல்லாம் முடிந்திருக்கும் என்று ஓடினேன். பெட்டி வாசலிலேயே திறந்திருந்தது. இரங்கல் உரைக்குத் தொழிற்சங்கத் தலைவர் இன்னும் வரவில்லையாம். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதேன்.

"பாரு, இப்பவும் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்காரு" என்றார் பெரியம்மா.

நான்கு மணிக்குத் தலைவர் வந்து மைக்கைப் பிடித்தார். அமரர் அமைதியானவராம், பொறுமையின் சிகரமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைப் பற்றிப் பேசுகிறார் இந்த ஆள்? அவரும் வெள்ளைக்கொடியைப் பிடித்து வந்தவரோ என்னவோ.

பெரியம்மா எழுந்து நின்றார்.

"பொறுமையா? இவருக்கா? போதும் தலைவரே. தூக்குங்கப்பா! உசுரு மட்டும் இருந்தா இந்நேரம் எந்திரிச்சுத் தனியா நடந்து போயிருப்பாரு."

வாசலில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்புறம்தான் பெரிதாக அழுகை வெடித்தது. அன்று முழுக்கப் பெரியப்பாவைப் பற்றி யாராவது உண்மை சொன்னார்கள் என்றால் அது அந்த ஒரு பேச்சுத்தான். என் சாவுக்கும் இப்படி ஒருவர் வாய்க்க வேண்டும்.

இந்தப் பக்கம் சாவுக்குப் போகிறவர்கள் முதல் நாளே பதுளைக்கு வந்துவிடுங்கள். கொடியை நம்பாமல் டிவிசன் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி என்றால் மூன்று மணிக்கு அங்கே இருங்கள். எனக்காக யாரும் அன்று காத்திருக்கவில்லை. பெரியப்பா வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த ரகத்து ஆளான அந்தத் தலைவர் பிந்தி வந்ததால்தான் பெரியப்பாவின் முகம் எனக்குப் பார்க்கக் கிடைத்தது.